புரொஃபைலில் எழுதிய அவையடக்கம்

உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. நடுவர்களைப் போதிய அளவு பார்த்துவிட்டேன். தீர்ப்புகளைக் கேட்டுக் கேட்டுச் செவி சலித்துவிட்டது. சாட்சியாக மட்டும் வாருங்கள். நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில், கட்டிலின் விளிம்பில் அமர்ந்துகொள்ளுங்கள். துவைத்து மடிக்காமல் கிடக்கும் துணிகளைச் சற்றுத் தள்ளிவிட்டால் இடம் கிடைக்கும். மேசைமேல் லேப்டாப் திறந்திருக்கிறது. திரையில் என் படம், என் பெயர், அதற்குக் கீழே என்னைப் பற்றி நானே எழுதிய நீண்ட பத்தி. யார் யாரோ வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துப் போகிறார்கள் என்று வேலை தேடும் அந்த இணையத்தளம் காட்டுகிறது. வந்தவர்களில் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. மண்டபம் நிறையக் கூட்டம் வந்து, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒவ்வொருவராக எழுந்து போனால் பேச்சாளன் எந்த முகத்தோடு நிற்பானோ, அந்த முகத்தோடு நான் அமர்ந்திருந்தேன். அதை நீங்கள் பார்த்தீர்கள். அது போதும்.

நான் மேடையில் வளர்ந்தவன். பள்ளியில் தொடங்கிக் கல்லூரி முடியும்வரை கடலூர், விழுப்புரம், புதுவை என்று பேச்சுப்போட்டி எங்கே நடந்தாலும் போயிருக்கிறேன். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்காமல், மைக் பழுதானாலும் பின்வரிசை வரை எட்டும்படி பேசப் பழகியவன். வாங்கிய கோப்பைகளுக்குப் பீரோவின் மேல் இடம் போதாமல், பாதி கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. எங்கள் பிளாக்கில் வழி கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டைப் 'பேச்சுக்காரப் பையன் வீடு' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. போன நேர்முகத் தேர்வுகளில் நான் பேசியதைப் பாராட்டினார்கள். வேலையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். அப்போதுதான், வீட்டில் இருந்தபடியே வேலை எடுத்துச் செய்கிறவர்களையும் வேலை தருகிறவர்களையும் சேர்த்துவைக்கும் இணையத்தளம் ஒன்றில், குரல் கொடுக்கும் வேலைக்கும் ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்தேன். விளம்பரத்துக்கு, பாடத்துக்கு, கதைக்கு, தொலைபேசியில் ஒலிக்கும் அறிவிப்புக்கு என்று எத்தனையோ வேலை. குரல்தானே வேண்டும், என் குரலில் என்ன குறை என்று நினைத்தேன். கல்லூரிப் பரிசுத் தொகையில் மிச்சமிருந்ததைக் கொண்டு ஒரு மைக்கும் ஹெட்போனும் வாங்கினேன்.

என் அவசரத்துக்குக் காரணம் அப்பா. மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்குக் காவலாக ஷிஃப்ட் பார்த்தே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். அந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டத் தொடங்கிய எங்கள் வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை கூட ஆகவில்லை. அவர் தம் தம்பியிடம், அதாவது ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் சூப்பர்வைசராக இருக்கும் என் சித்தப்பாவிடம், எனக்காக ஒரு கான்ட்ராக்ட் வேலை கேட்டிருந்தார். சித்தப்பாவும் இடம் பிடித்து வைத்திருந்தார். தம்பியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்பதற்கே தயங்குகிறவர் என் அப்பா. அவர் போய் வேலை கேட்டார் என்றால் எவ்வளவு யோசித்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்த வேலைக்குச் சம்மதம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. என் குரலால் பிழைக்க முடியும் என்று காட்டிவிட்டுப் பேசலாம் என்று நாளைக் கடத்தினேன். அப்பாவும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

"நான் ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. அவன் எத்தினி நாளு இடத்தப் புடிச்சிக்கினு ஒக்காந்திருப்பான்?"

இனி அந்த புரொஃபைலுக்கு வருகிறேன். மேடையில் ஏறிய எவனும் எடுத்த எடுப்பில் தன்னைப் புகழ்ந்துகொள்ள மாட்டான். அவையை வணங்க வேண்டும். தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். குறை இருந்தால் பொறுக்கச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கருத்து. பத்து வயதிலிருந்து எனக்குப் பழகிய ஒழுங்கு அது. அதே ஒழுங்கில்தான் புரொஃபைலையும் எழுதினேன். மொழியென்னும் கடலின் கரையில் நிற்கும் சிறுவன் நான் என்று தொடங்கினேன். என் முயற்சியில் குற்றம் குறை இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும் என்று அடுத்த வரியில் கேட்டுக்கொண்டேன். பிறகு கோப்பைகளின் வரிசை. அத்தனையையும் பிழையற்ற ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நிறைவாக இருந்தது.

மாதிரிக்கு ஒரு பதிவு வைக்க வேண்டும். அப்பா காலை ஷிஃப்ட் போன நாளில் பின்னறை சன்னலை மூடி, இரண்டு போர்வைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பதிவு செய்தேன். 'அவையின் தலைவர் அவர்களே' என்று எடுத்து, சான்றோர், தாய்மார், மாணவ நண்பர்கள் அனைவரையும் தனித்தனியே விளித்து, பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி, அதன் பிறகே பொருளுக்குள் நுழைந்தேன். குரல் நன்றாக வந்திருந்தது. அடுத்த வீட்டு அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, எந்த ஊரில் போட்டி என்று அம்மாவிடம் விசாரித்தாராம்.

வேலை அறிவிப்பு வந்த இடமெல்லாம் விண்ணப்பித்தேன். காலையில் எழுந்ததும் திரையைப் பார்ப்பதும், குளித்துவிட்டு வந்து பார்ப்பதும், சாப்பாட்டுத் தட்டோடு பார்ப்பதுமாக நாட்கள் போயின. உடல் உழைப்பு எதுவும் இல்லை; ஆனாலும் மாலையில் தோள் வலித்தது. காத்திருப்பது அப்படியொரு சோர்வு தரும் என்று நான் அறிந்திருக்கவில்லை. மேடையில் தோற்றால் தோற்றோம் என்று அன்றே தெரிந்துவிடும். இங்கே தோற்றதாகக்கூட யாரும் சொல்லவில்லை.

பிறகொரு நாள், நான் விண்ணப்பித்தவர்களில் ஒருவர் மட்டும் பதில் எழுதினார். என் பதிவில் குறைகள் இருக்கும் என்று நானே எழுதியிருப்பதால், திருத்தி மறுபடி பேசித் தருவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவையடக்கம் என்றால் என்ன, அது தமிழ்ச் சபைகளில் எவ்வாறு வந்த வழக்கம், அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஏன் கொள்ளலாகாது என்று விளக்கி அவருக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். பருப்பு கடைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "நீதான தப்பு வரும்னு எழுதுன? அவரு அதத்தான கேக்குறாரு?" என்றார். அம்மாவுக்கு அவை மரபு தெரியாது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் புரொஃபைலைப் பார்த்துச் சொல்லத் தகுதியுள்ள ஆள் ஒருத்தி எனக்குத் தெரிந்தவள்தான். கேட்பதற்குத்தான் மனம் வரவில்லை. கடலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் படித்தவள். ஒரு விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றில் எதிரணியில் நின்று என்னை வென்றவள். அன்றைய தலைப்பு மறந்துவிட்டது, தோற்றது மறக்கவில்லை. இப்போது சென்னையில், ஒலிப்பதிவுகளுக்குக் குரல் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தாள். அப்பாவின் ஓய்வு நெருங்கிய பிறகு, வேறு வழியின்றி என் பக்கத்தை அவளுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் முற்பகலில் அவளே அழைத்தாள். அப்பா இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்ததால் நான் போனோடு வெளியே வந்து, சாலையோர மரநிழலில் நடந்துகொண்டே பேசினேன்.

"வணக்கம், எதிரணித் தலைவரே. நல்லா இருக்கீங்களா?"

நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

"பொய். நல்லா இருந்தா எனக்கு அனுப்பியிருக்க மாட்டீங்க." சிரித்தாள். "சரி, கோவிச்சுக்கக் கூடாது. எந்த ஹோட்டல்லயாவது வாசல்ல, 'எங்க சாப்பாட்டுல குத்தம் குறை இருந்தா பொறுத்துக்கங்க'ன்னு போர்டு வெச்சிருக்காங்களா?"

"அது பணிவுங்க. மேடை நாகரிகம்."

"மேடை எங்கங்க இருக்கு? அங்க கூட்டமே கிடையாது. ஒரே ஒரு ஆளு. காதுல ஹெட்போன மாட்டிட்டுத் தனியா உக்காந்திருக்கார். நீங்க அவர் காதுக்குள்ள நின்னுகிட்டுக் கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரி பேசறீங்க. பாவம், அவர் என்ன பண்ணுவார், மூடிட்டுப் போயிடுறார். அதுவும் நீங்க இன்னும் தாய்மார்களுக்கு வணக்கம் சொல்லிட்டே இருக்கீங்க."

மறுப்புரை எனக்குத் தயாராக இருந்தது. மூன்று கருத்துகளாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தயாராக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முந்தைய இரவு சரியாக உறங்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன். எதிர்முனையில் அவளே சற்றுத் திகைத்துப்போனாள் என்று நினைக்கிறேன்.

பிறகு வேலைப் பேச்சாகப் பேசினாள். கண் அறுவைச் சிகிச்சை முடித்து வீடு திரும்புகிறவர்கள் கேட்பதற்காக ஒரு மருத்துவமனை தமிழில் பதிவுகள் கேட்கிறது. அன்று மாலைக்குள் மாதிரி அனுப்புகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வு அவள் கையில் இல்லை, ஆனால் என் பெயரையும் சேர்த்து அனுப்ப முடியும். ஒரு பக்கம் வாசகம் அனுப்பினாள். வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும் என்றாள்.

அங்கேதான் சிக்கல். ஷிஃப்ட் பார்க்கும் வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுவதும் எங்கள் வீட்டில் ஓர் ஆள் உறங்குவார். அவர் உறங்கும்போது குக்கரில் விசில் வராது. சாதத்தைத் திறந்த பானையில் வடிப்பார் அம்மா. காலிங் பெல் அணைக்கப்பட்டிருக்கும். பால்காரர் கதவைத் தட்டாமல் கம்பியில் பையை மாட்டிவிட்டுப் போவார். அந்த வீட்டில் மைக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? ஹெட்போனோடு வெளியே திரிந்தேன். பூங்காவில் மயில் கத்தியது. பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றால் லாரிகள். நண்பன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அப்பாவும் இரவு ஷிஃப்ட். பிற்பகல் ஆகிவிட்டது. வேறு இடம் இல்லாமல் வீட்டுக்கே திரும்பி, பின்னறைக் கதவைச் சாத்தி, தலைவழியாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மைக்கின் முன் குனிந்தேன்.

இரகசியம் பேசுவது போலப் பேச முடியாது. அந்தச் சீறல் ஒலிக்குத்தான் உறங்குகிறவர் முதலில் புரளுவார். உரக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கள் வீட்டில் ஒரு குரல் உண்டு. தாழ்ந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் முழுதாக இருக்கும். கேட்கவில்லை என்று மறுபடி சொல்லும்படி ஆனால் ஓசை இரட்டிப்பாகும் என்பதால் ஒரே தடவையில் விளங்கும்படி சொல்வோம். யாரும் அதை எனக்குக் கற்றுத்தரவில்லை. அதை ஒரு குரல் என்றே நான் எண்ணியதில்லை. பேசாமல் இருப்பதற்கு அடுத்த நிலை என்றுதான் எண்ணியிருந்தேன்.

அந்தக் குரலில் வாசித்தேன். கண்ணைக் கசக்க வேண்டாம். குனிந்து எடை தூக்க வேண்டாம். சொட்டு மருந்து விடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்று கொஞ்சம் நீர் வடிந்தால் பயப்பட வேண்டாம். போர்வைக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. பேசி முடித்துக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லை, எழுச்சி இல்லை. இதைக் கேட்டு யார் கை தட்டுவார்கள் என்று தோன்றியது. வேறு பதிவு இல்லாததால் அதையே அனுப்பினேன்.

அதைத்தான் எடுத்தார்கள்.

மகிழ்ச்சியைவிட எனக்கு அயர்ச்சியே மிகுந்தது என்றால் நீங்கள் நம்ப வேண்டும். பத்தாண்டுப் பயிற்சியை யாரும் கேட்கவில்லை. பயிற்சியே இல்லாத ஒன்றைக் கேட்டார்கள். அந்த வாரமே புரொஃபைலை அழித்து எழுதினேன். தமிழில் குரல் கொடுக்கிறேன். நோயாளிகளுக்கான குறிப்பு, பாடம், தொலைபேசி அறிவிப்பு. தனியாகக் கேட்கும் ஒருவரிடம் பேசும் குரல். திருத்தம் வேண்டுமென்றால் மறுநாளே. அவ்வளவுதான். வாசகத்தைப் பார்த்த சென்னைக்காரி, இப்போதுதான் எதிரணி ஆள் போலத் தெரிகிறது என்று எழுதினாள். கோப்பைகளில் ஒன்றையாவது வைத்துக்கொள்ள முயன்றேன். எந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தாலும் அது ஒட்டவில்லை. எடுத்துவிட்டேன். பழைய பதிவையும் தளத்திலிருந்து நீக்கினேன். என் கணினியில் இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டமாக இல்லை, ஒவ்வொருவராக. ஒரு வங்கி அறிவிப்பு வந்தது. பிள்ளைகளுக்கான கணக்குப் பாடம் வந்தது. 'மருந்து' என்ற சொல்லை ஒரு பிற்பகல் முழுதும் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்த ஒருவரும் வந்தார். மருத்துவமனையிலிருந்து அடுத்த தொகுதி வந்தது. இதைக் கொண்டு வீடு நடத்த முடியுமா என்றால் நடத்தலாம் என்று சொல்லும் நிலைக்கு மெல்ல வந்துகொண்டிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்ல ஒரு நல்ல நாளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளுக்கு முன்பாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்துவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துச் சொன்னார்: வேலைக்கு உள்ளே நுழையக் கேட் பாஸ் போட வேண்டும், இரண்டு போட்டோவும் ஆதார் நகலும் எடுத்து வை.

நான் போட்டோ எடுக்க உள்ளே போகவில்லை. அம்மா காபி போட உள்ளே போனார். சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாடா, இன்னும் கம்ப்யூட்டர்ல பேசிக்கினுதான் இருக்கியா?" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "இன்னாண்ணா இது? ஊர்ல அவனவன் வூட்ட வாடகைக்கு வுடுவான். உன் புள்ள வாய வாடகைக்கு வுடுறானாமே?"

அப்பா சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். காபியைக் குடித்துவிட்டு சித்தப்பா எழுந்தார். நாளை மாலைக்குள் சொல்லாவிட்டால் முத்தாண்டிக்குப்பத்துப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். தம் ஒப்பந்தக்காரரிடம் எத்தனை தடவை அண்ணன் மகன், அண்ணன் மகன் என்று சொல்வது என்று வாசற்படியில் நின்று கேட்டுவிட்டுப் போனார். அதில் நியாயம் இருந்தது.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூடத்துக்கு அழைத்தார். என்னதான் பேசுகிறேன் என்று கேட்க வேண்டும் என்றார். மருத்துவமனைக்கு அனுப்பிய அந்த முதல் பதிவை நான் போனில் வைத்தேன். கண்ணைக் கசக்க வேண்டாம் என்று என் குரல் சொன்னது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் மறுபடி ஒருமுறை வைக்கச் சொன்னார்.

"இது நான் தூங்கிக்கினு இருந்தப்ப பேசினதா?"

"ஆமாப்பா."

"பாதித் தூக்கத்துல கேட்டுச்சு. நீ ஒங்கம்மாகிட்ட ஏதோ சொல்லிக்கினு இருக்கறேன்னு நெனச்சேன்." என் போனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குக் கூப்புடுறாங்களா?"

"கூப்பிடறாங்கப்பா. இந்த மாசம் நெறையவே."

"அப்ப இதையே செய்யி." குரலில் வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை, ஷிஃப்ட் முடிந்து வந்து பேசும் சோர்வுதான் இருந்தது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா நான் அவங்கிட்ட வாய வுட்டுக் கேட்டுட்டேன்டா. இப்ப எந்த மொகத்த வெச்சிக்கினு வாணாம்னு சொல்றது?"

அப்பா எனக்காகத் தாழ்ந்து நின்றிருக்கிறார். நான் பிழைத்துக்கொண்டதால் அது இல்லாமல் போய்விடாது. நாளை மாலை தம்பியின் முன் மறுபடியும் அவர்தான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் அப்பாவின் எதிரே தரையில் உட்கார்ந்தேன். இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. நாளைக்குக் காலையில சித்தப்பா வீட்டுக்கு நானே போறேன். வேலை வேணாம்னு நானே சொல்றேன். நீங்க சொல்லி அனுப்புனதா சொல்ல மாட்டேன். அவர் திட்டி முடிக்கற வரைக்கும் உக்காந்து கேட்டுக்கறேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்."